பழுக்காமை பழுதன்று

ஒரு மொழியைப் புதிதாய்க் கற்கப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுஞ் சொற்கள் எவை என வினவின், வணக்கவுரையும் எண்ணுப்பெயரும் உணவின் பெயர்களும் வழி வினாவுஞ் சொற்களுமே என்பர் பலர். பாடநூல்களும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்துள்ளன. யாம் அதனை மறுத்திலேம். ஆயினும், அவற்றோடு ஒருங்கே கற்கத்தக்க சொற்றொகுதி மற்றொன்று உண்டு. கைவராமையையும் தடுமாற்றத்தையும் திறனின்மையையும் உணர்த்துஞ் சொற்களே அவை. முதனாள் தொட்டுக் கற்போன் தன்னிடத்து மிகுதியாய்க் காண்பது தேர்ச்சியன்று, தேர்ச்சியின்மையே. தன்பால் மிகுந்துள்ள ஒன்றற்குப் பெயர் அறியாதவன் தன்னைப் பற்றி உண்மை பேசுவது எங்ஙனம்? இக்கருத்தைக் கொரிய மொழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கொரிய மொழி இன்று நம்மனோர்க்குத் தொலைவான மொழியன்று. சென்னைக்கு அணித்தாகிய இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு தொட்டுக் கொரிய நாட்டாரது ஹூண்டாய்த் தொழிற்சாலை கார்களைச் செய்து வருகின்றது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளி மாணாக்கர் கற்கத்தக்க அயல்நாட்டு மொழிகளுள் கொரிய மொழியையும் பெயர் சுட்டி வைத்துளது. அந்நாட்டு நாடகங்களும் பாடல்களும் நம் இளைஞரை ஈர்த்தமை யாவரும் அறிந்ததே. அம்மொழியின் எழுத்துக்களை ஸேஜோங் மன்னர் 1443-இல் வகுத்து 1446-இல் நாட்டார்க்கு வெளியிட்டனர். இன்று வழங்குவன மெய் 14, உயிர் 10, ஆக 24 எழுத்துக்களே. ஆதலின் சின்னாளிற் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். அவர்தம் உயிரெழுத்துக்களுள் ஒன்று இதழ் குவியாது ஒலிக்கும் உகரம். 'நாடு', 'பாக்கு' என்பவற்றின் ஈற்றிலுள்ள குற்றியலுகரத்தை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு அது எளிதின் நாவில் வரும். கீழே கொரியச் சொற்களைத் தமிழெழுத்தாற் குறித்துள்ளோம். அவற்றுட் சொன்முதற் சகரத்தை 'அச்சம்' என்பதிற்போல வல்லொலியாகப் படித்துக்கொள்க. மெல்லொலி வருமிடத்து ஸகரம் இட்டுள்ளோம்.

முதலாவது சொல் 'ஸொத்துருதா' என்பது. கை பழகாமை, வினையில் தேர்ச்சியின்மை என்பன அதன் பொருள். சமைத்தல், எழுதுதல், அயன்மொழி பேசுதல், உள்ளத்து அன்பை வாய்விட்டு உரைத்தல் என எதனோடும் அஃது இயையும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கைவராமையை உணர்த்தும் இச்சொல்லே கற்பார்க்கு எளிதிற் கைவருவதன்று. உயிரொலியில் தொடங்கும் ஈறு வந்து சேருங்கால் இது 'ஸொத்துல்லொ' எனத் திரியும். இதன் குறுகிய வடிவமாகிய 'ஸொத்துல்தா' என்பதோ அத்தகைய ஈறுகளை ஏலாது. இவ்விதியைக் கொரியரே மறந்து பிழைபட எழுதுவதுண்டு.

இரண்டாவது தொகுதி அடுக்களையிலும் தோட்டத்திலும் பிறந்தது. 'இக்தா' என்னும் வினைக்குப் பழுத்தல், வேதல், பழகிப்போதல் என்னும் மூன்று பொருளும் உள. அதன் மறுதலை 'ஸொல்தா' என்பது. சோறு வேகாமையும், காய் கனியாமையும், கண்ணுக்கோ கைக்கோ பழக்கம் இல்லாமையும் அதனாற் குறிக்கப்படும். அறிந்த முகம் 'நன்னிக்தா', முகம் பழுத்தது. அறியாத முகம் 'நத்ஸொல்தா', முகம் பழுக்காதது. ஒரு தொழில் கைவந்த பின் அது கைக்குப் பழுத்தது என்பர். சீனத்தினின்று வந்த 'மிஸுக்' என்னுஞ் சொல்லும் இக்கருத்தினதே. 'மி' என்பது இன்னும் இல்லை என்பதனையும், 'ஸுக்' என்பது பழுத்தலையும் குறிக்கும். இன்னும், 'புத்' என்றொரு முன்னொட்டு உளது. கனியாத ஆப்பிளை 'புத்ஸாக்வா' என்பர். நாம் கற்றுக்குட்டி என்பவனை அவர் 'புன்னேகி' என்பர்.

இவற்றை நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். இச்சொற்கள் திறனின்மையை ஒருவனது பிறவிக் குணமாகக் கொள்ளவில்லை. ஒரு பருவமாகக் கொண்டன. காயைக் கண்டு 'இது கெட்ட பழம்' என்பார் இலர்; 'இன்னும் பழுக்கவில்லை' என்றே கூறுவர். உலையிலுள்ள அரிசியைக் குற்றஞ்சாட்டுவார் இலர். தீயை ஒழுங்குபடுத்திக் காத்திருப்பர். நம் மொழியிலும் அரைவேக்காடு என்னுஞ் சொல் உண்டு. ஆனால், அதனை நாம் வசையாக எறிகின்றோமேயன்றி, அடுத்த அரைப்பாகமும் வெந்துவிடும் என்னும் நம்பிக்கையை அதனுட் காண்பதில்லை.

மூன்றாவது தொகுதி கட்டின் தளர்ச்சியைக் குறிப்பது. 'ஒஸொல்புதா' என்பது செறிவின்றி நொய்தாய் அமைந்த வேலையை உணர்த்தும். அரைமனத்தோடு செய்த முயற்சிக்கும் அப்பெயரே. இதனொடு நம் இரட்டைக்கிளவி போன்ற ஒலிக்குறிப்புச் சொற்களையும் சேர்த்துக் கற்றல் நன்று. இருளிற் கை துழாவுவது போல எழுத்தெழுத்தாய்த் தடவிப் படிப்பது 'தொதும்தொதும்'. பதற்றத்தால் அங்குமிங்கும் ஓடித் தடுமாறுவது 'ஹொதுங்ஜிதுங்'. அமர்வதா நிற்பதா எனத் துணியாது பாதி குனிந்து நிற்பது 'ஒங்கொஜுச்சும்'. திருதிரு என விழித்தலையும் தடதட என ஓடுதலையும் அறிந்த தமிழர்க்கு இவற்றின் சுவை சொல்லாமலே விளங்கும். எல்லாத் தடுமாற்றமும் ஒன்றன்று. அறியாமையால் வருவது வேறு, பதற்றத்தால் வருவது வேறு, அக்கறையின்மையால் வருவது வேறு. நோய் வேறாகவே மருந்தும் வேறாம். இவற்றை வேறுபடுத்தும் சொற்களை உடைய ஆசிரியன், மாணாக்கனுக்கு உற்றது இன்னதென்று காண வல்லவன் ஆவான்.

நான்காவது தொகுதியைக் குறித்து எச்சரிக்கை வேண்டும். பண் அறியாதவன் 'உம்சி', வழி அறியாதவன் 'கில்சி', ஆட உடல் இசையாதவன் 'மொம்சி' எனப்படுவர். ஈற்றிலுள்ள 'சி' என்பது பேதைமை எனப் பொருள்படும் சீனச் சொல். இளைஞர் வழக்கிற் கைத்திறன் உடையான் 'கும்ஸொன்', அஃதாவது பொற்கை. இல்லாதான் 'தொங்ஸொன்', நாகரிகம் பற்றி இதனைக் கழிவுக்கை எனப் பெயர்ப்போம். தம்மைத்தாமே நகையாடிக்கொள்ளவும் நண்பருட் களிக்கவும் இவை பயன்படும்; அதனை யாம் தடுக்கப் புகுந்திலேம். ஆயினும், இவை முன்னைய சொற்களினின்றும் முற்றும் வேறு என்பதை உணர்தல் வேண்டும். பழுக்காத கை நாளை பழுக்கும். கழிவாகிய கை யாதாகும்? முன்னையது கதவைத் திறந்து வைக்குஞ் சொல். பின்னையது அடைக்குஞ் சொல். நம் வகுப்பறைகளில் வழங்கும் மக்கு, மண்டு என்பனவும் அடைக்குஞ் சொற்களே.

நிற்க. இக்கட்டுரையில் யாம் முதன்மையாக வற்புறுத்த விழைவது இனி வருவது. கொரிய மொழியில் 'சல்' என்பது நன்கு என்னும் பொருட்டு. 'மொத்தாதா' என்பது திறம்படச் செய்யமாட்டாமை. இவ்விரண்டையும் இடைவெளி விட்டுச் 'சல் மொத்தாதா' என எழுதின், நன்கு செய்யவில்லை, தேர்ச்சி போதாது என்பது பொருள். 'கொரிய மொழி எனக்கு நன்கு வாராது' என்று பணிவுடன் கூறுவார் இதனையே கூறுவர். அவ்விடைவெளியை நீக்கிச் 'சல்மொத்தாதா' என ஒரு சொல்லாக எழுதின், தவறு இழைத்தல், குற்றம் புரிதல் என்பது பொருள். தாயின்முன் தலைகுனிந்து நிற்கும் சிறுவன், 'குற்றஞ் செய்தேன்' என்று வேண்டுவது இச்சொல்லாலேயே. எழுத்துக்கள் அவையே, இடையில் ஒரு வெற்றிடம் உண்டா இல்லையா என்பதே வேறுபாடு. அவ்வெற்றிடம் காகிதத்தில் ஓர் எழுத்தகலமும் இல்லை. ஆனால், மாட்டாமைக்கும் குற்றத்துக்கும் இடையே மனிதன் காக்கவேண்டிய எல்லை முழுவதும் அதனுள் அடங்கியுளது.

அவ்வெல்லை அழியின் விளைவது யாது? விவிலியத்தில் நியாயாதிபதிகளின் ஆகமம் 12-ஆம் அதிகாரத்தைப் படித்தோர் அறிவர். யோர்தான் துறைகளில் எப்பிராயீமியரைப் பிடித்த கிலெயாத்தியர், 'ஷிபோலேத்' என்னும் ஒரு சொல்லைச் சொல்லச் செய்தனர். அவ்வொலி நாவில் வாராது 'சிபோலேத்' என்றவரை வெட்டினர். அக்காலத்தில் மாண்டோர் 42,000 பேர் என அந்நூல் கணக்கிடுகின்றது. இது பழங்காலத்துக் கொடுமை என்று ஒதுக்கிவிடுதற்கில்லை. 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஜப்பானியத் தலைநகராகிய டோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் பெருநிலநடுக்கம் அழித்தது. இலக்கத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொரியர் கிணறுகளில் நஞ்சிட்டனர், தீ வைத்தனர் என்னும் பொய்யுரை உடனே பரவிற்று. தடியும் வாளும் ஏந்திய கூட்டத்தார் வழிப்போக்கரை மறித்து, பதினைந்து யென் ஐம்பது ஸென் எனப் பொருள்படும் 'ஜூகோஎன் கோஜிஸ்ஸென்' என்னுந் தொடரைச் சொல்லச் செய்தனர். அதனை ஜப்பானியர் போல ஒலிக்கமாட்டாத கொரியர் மிகப் பலர் கொல்லப்பட்டனர். சீனரும், வேற்றூர்ப் பேச்சுடைய ஜப்பானியர் சிலரும் அவ்வாறே மாண்டனர்.

கொரியர்க்கு அத்தொடர் ஏன் வாரவில்லை என்பதைத் தமிழ் இலக்கணம் பயில்வோர் எளிதில் அறியலாம். அவர்தம் மொழியில் க, ச, த, ப போன்ற வல்லொலிகள் சொன்முதலில் வலிந்தும், இரண்டு உயிர்க்கு நடுவே மெலிந்தும் ஒலிக்கும். சொன்முதலில் மெலிந்த 'ஜூ', 'கோ' என்பன அவர்க்கு இயல்பல்ல. இதுவே நம் செந்தமிழ் ஒலிமரபும் ஆகும். 'கதை' என்பதன் முதலெழுத்தை வலித்தும், 'அகம்' என்பதன் நடுவெழுத்தை மெலித்தும் ஒலிப்பது நம் நாவின் இயற்கை. அற்றை நாளில் அத்தெருவில் நம் நாட்டுப்புறத்துப் பாட்டனார் ஒருவர் நின்றிருப்பின், அவரும் அச்சோதனையில் தவறியிருப்பார். பழுக்காத நாவைப் பழுதுற்ற நெஞ்சமாகக் கொண்டதன் விளைவு அது. பேச்சுத் தடுமாறினவனைக் கண்டு நகைப்பவர் கொலைஞராவர் என்று யாம் கூறவில்லை. ஆயினும், அந்நகைப்பும் அக்கொலையும் ஒரே பிழையான நினைப்பிற் பிறந்தவை என்பதை மறைக்கவும் விரும்பவில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். 'மாட்டாமையைக் குற்றமன்று எனின், எவரும் எதனையும் அரைகுறையாய்ச் செய்துவிட்டு, பழுக்கவில்லை எனத் தப்பித்துக்கொள்வரே. தேராத மருத்துவனையும் பழகாத ஓட்டுநனையும் இக்கொள்கை காப்பாற்றிவிடாதோ?' என்பர். தக்க வினாவே. இதற்கும் கொரியரே விடை வைத்துள்ளனர். 'முதாங்' என்பவள் அந்நாட்டில் தெய்வமேறி ஆடிச் சடங்கு புரிபவள். 'ஸொல்தா' என்பதனடியாகப் பிறந்த 'ஸொன்' என்னும் முன்னொட்டைச் சேர்த்துச் 'ஸொன்முதாங்' என்றால், பழுக்காத பூசாரி என்பது பொருள். 'பழுக்காத பூசாரி ஆளைக் கொல்வாள்' என்பது அவர்தம் பழமொழி. 'தேராத பூசாரி தன் மேளத்தையே குறை சொல்வாள்' என்பது மற்றொன்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற நம் நாட்டுக் கதையே அது. பழுக்காமை குற்றமன்று, பழுத்ததாக நடித்தலே குற்றம். கற்றுக்குட்டி கற்றுக்குட்டியாகவே நிற்கும்வரை மாட்டாமையின் பக்கத்தில் நிற்கின்றான். பூசாரியின் கோலம் புனைந்த அன்றே குற்றத்தின் பக்கத்துக்குக் கடந்துவிடுகின்றான். தென்கொரியாவிற் புதிதாய்க் கார் ஓட்டுவார் பலர் 'சோபோ', அஃதாவது முதலடி, என்று எழுதித் தம் காரின் பின்புறத்தே ஒட்டிக்கொள்கின்றனர். அதனைக் கண்டவர் விலகி வழிவிடலாம். உண்மையைக் கூறிய மாட்டாமை எவரையும் கொல்வதில்லை.

இவ்வெச்சரிக்கை தமிழ் மாணாக்கராகிய நமக்கே மிகவும் வேண்டுவது. கொரியர் தந்தையை 'அப்பா' என்றும், தாயை 'ஒம்மா' என்றும் அழைக்கின்றனர். வாக்கியத்தின் இறுதியில் வினையை வைக்கின்றனர். பெயர்க்குப் பின் உருபு சேர்க்கின்றனர். இவற்றைக் கண்ட மாத்திரத்தே கொரியம் தமிழின் மகள் என முழங்குவார் நம்மிடையே உளர். ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1905-ஆம் ஆண்டே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணநூல் ஒன்று வெளியிட்டனர். கொரிய மக்களிடத்துப் பேரன்பு பூண்டு, 1949-இல் ஸியோல் நகரத்தே மறைந்து, அம்மண்ணிலேயே அடக்கமானவர் அவர். அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. ஆயினும், அவ்வுறவை இற்றை மொழிநூலார் ஏற்றுக்கொள்வதில்லை. குழந்தை வாயிற் பிறக்கும் அப்பா, அம்மா போன்ற சொற்கள் உறவில்லாத மொழிகள் பலவற்றினும் உள. வாக்கிய அமைப்பின் ஒற்றுமையும் தனித்து நின்று குருதியுறவை நிறுவமாட்டாது. நான்கு சொற்களைக் கொண்டு ஒரு குடும்பத்தை நாட்டுவோர் மொழிநூலிற் பழுக்காத பூசாரிகளே. ஒற்றுமையைக் கண்டு மகிழ்வோம். அது கற்றலை எளிதாக்கும். உறவு கொண்டாடுமுன் கற்போம்.

இனி, பழுக்காத முயற்சியும் பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்து தேசத்து மிஷனரி ஜான் ராஸ் என்பவர் கொரியாவிற் குடியிராமல், மஞ்சூரியாவில் இருந்துகொண்டு, கொரிய நண்பர் சிலரது துணையால் லூக்கா, யோவான் சுவிசேஷங்களை 1882-இலும், புதிய ஏற்பாடு முழுவதையும் 1887-இலும் கொரிய மொழியில் அச்சிட்டனர். அம்மொழிபெயர்ப்பில் வடமேற்குப் பகுதியின் வட்டார வழக்கு மிகுதி என்றும், நடை செவ்விதன்று என்றும் பின்வந்தோர் குறை கூறினர். புதிய மொழிபெயர்ப்புக்களும் எழுந்தன. அக்குறைகள் உண்மையே. ஆயினும், 1885-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அண்டர்வுட், அப்பென்ஸெல்லர் என்னும் மிஷனரிமார் செமுல்போத் துறையில் இறங்குமுன்னரே, அச்சுவிசேஷப் பிரதிகள் அந்நாட்டாரிற் சிலர் கைகளை எட்டியிருந்தன. நம் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சான சீகன்பால்கு ஐயரது தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் வரலாறும் இத்தகையதே. பின்வந்தோர் பன்முறை திருத்தினர். திருத்துதற்கு ஒன்று இருந்தமையாலேயே திருத்தினர். நன்கு பழுத்த பின்னரே கிளையினின்று வெளிப்படுவேன் என ஒரு காய் பிடிவாதம் செய்யின், அம்மரத்திற் பழம் ஏது?

ஆதலின், கொரிய மொழியைப் பயிலும் நண்பர்களுக்கு எம் கருத்து இது. முதல் வாரத்திலேயே 'ஸொத்துருதா' என்பதைக் கற்றுக்கொள்க. 'சல் மொத்தாதா' என்பதையும், அதன் நடுவிலுள்ள வெற்றிடத்தையும் கற்றுக்கொள்க. இவற்றினும் சிறந்ததாக 'அஜிக்' என்னும் சிறு சொல்லைக் கற்றுக்கொள்க. 'இன்னும்' என்பது அதன் பொருள். நன்றாய்ப் பேசுகின்றீர் எனப் புகழப்பட்டார் 'அஜிக் மொலொஸ்ஸொயோ', அஃதாவது இன்னும் நெடுந்தொலைவு உளது, என மறுமொழி தருதல் அந்நாட்டு வழக்கம். அதில் தாழ்மையும் உண்டு. வழி உண்டு என்னும் நம்பிக்கையும் உண்டு.

பிறமொழி பயிலாத நண்பர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. நம் கல்லூரிக்குத் தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் வருகின்றனர். ஆங்கிலம் தடுமாறுவார் உளர்; மேடையிற் செந்தமிழ் தடுமாறுவாரும் உளர். எழுந்து நிற்பவன் நா ஒருமுறை இடறியவுடன் பின்வரிசையில் எழும் நகைப்பொலி, அவனது மாட்டாமைக்கும் குற்றத்துக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைத் துடைத்துவிடுகின்றது. அதற்கப்பால் அவன் எழுந்து நிற்பதே இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் பழமொழி; குரங்கும் மரத்தினின்று விழும் என்பது கொரியர் பழமொழி. விழாமற் கற்றவர் எந்நாட்டிலும் இலர்.

தாம் வாக்குவல்லவர் அல்லர், நாவும் மந்தம் என மோசே முறையிட்டபோது, கர்த்தர் அம்மந்தத்தை அவர்மேற் குற்றமாகச் சுமத்தவில்லை. உடனிருந்து போதிப்பதாக வாக்களித்தார். கோபம் மூண்டது நா மந்தமானதற்கன்று. வேறொருவரை அனுப்பும் என்று அவர் விலகிக்கொள்ள முயன்றதற்கே. அப்பொழுதும் ஆரோனைத் துணையாகத் தந்தருளினார். மாட்டாமைக்குத் துணையும், மறுத்தலுக்குக் கண்டிப்பும் என்பதே ஆண்டவர் காட்டிய முறை. கற்பிப்போரும் கற்போரும் அம்முறையைக் கைக்கொள்வாராக. தடுமாறும் நாவுக்கு முன் நகைப்பை அடக்கிச் சிறிது காத்திருப்போம். காய் கனிய வேண்டுவது அக்காலமே.